எல்லா வாசலிலும் வேப்பிலை

1936 ஜூலை 11, சனி

இன்று ஒரே ஒரு பிரசவம். ஆண். தாயும் பிள்ளையும் சுகம். என் முழங்கால்தான் சுகமில்லை. இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் எலும்பு கடகடவென்று பேசுகிறது. நாற்பத்தாறு வயதுக்கு இது அதிகம் என்று ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். 

வரும் வழியில் மில்லுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் நுழைந்து ஜெயத்தைப் பார்த்தேன். எட்டாம் மாதம். இன்னும் நூல் சுற்றும் இடத்தில் காலையிலிருந்து இருட்டும் வரை நின்று வேலை செய்கிறாள். இரண்டு காலும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. "வேலைய உடுடி" என்றேன். "உட்டா சோறு யாரு போடுவா, நீங்களா?" என்றாள். வாய்த்துடுக்கு. இதற்கு முன் இரண்டு போயிருக்கிறது அவளுக்கு. முதலாவது ஏழாம் மாதத்தில், மில்லுக்குள்ளேயே, பஞ்சு மூட்டைக்குப் பின்னால். எனக்கு ஆள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டாவது பிறந்த மூன்றாம் நாள் போயிற்று.

இதையாவது அவள் கையில் உயிரோடு கொடுத்துவிட வேண்டும்.

"நீங்க இல்லாத சமயத்துல வலி வந்துடுச்சின்னா?" என்று கேட்டாள். "நான் வராம உனக்கு வலி வராது, போ" என்றேன். அவள் புருஷன் அரிகிருஷ்ணன் தறிக்காரன். அதிகம் பேசமாட்டான். அவனும் சிரித்தான்.

எதிர்வீட்டுக் கன்னியம்மாளும் இருந்தாள். முப்பத்தைந்து வயது, பிள்ளை இல்லை. தெருவில் பிரசவம் என்றால் மற்றப் பெண்கள் அவளை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். நான்தான் உள்ளே கூப்பிட்டு விளக்குப் பிடிக்கச் சொல்வேன். கை நடுங்காத பெண் கிடைப்பது லேசா? ஏழெட்டு வருஷமாய் அந்தத் தெருவில் நான் எடுத்த பிள்ளைகள் எல்லாம் அவள் பிடித்த வெளிச்சத்தில் பிறந்தவைதான்.

ஜூலை 14, செவ்வாய்

பிரெஞ்சுக்காரர் திருநாள். கடற்கரையில் கொடி, பாண்டு வாத்தியம், வேட்டு. நான் போகவில்லை. முழங்கால்.

ஜூலை 26, ஞாயிறு

மாதாவைப் பெற்ற அன்னம்மாள் திருநாள். கர்ப்பஸ்திரீகளுக்கெல்லாம் அவள்தான் காவல். ஜெயத்தின் பேரைச் சொல்லி ஒரு மெழுகுவத்தி கொளுத்தினேன். அவள் ஞானஸ்நானம் பெற்ற வேதக்காரி இல்லை. அன்னம்மாள் அதையெல்லாம் பார்க்கமாட்டாள்.

மத்தியானம் தம்பி சூசைநாதன் சாப்பிட வந்தான். சிப்பாய் உடுப்போடு. மில்லில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்களாம். "நேரத்தக் கொறைக்கணுமாம், கூலிய ஏத்தணுமாம். அது கூடப் பரவால்ல அக்கா. பொம்பளைங்களுக்குப் புள்ள பெத்துக்க லீவு குடுக்கணுமாம்" என்று சிரித்தான். "நீ என்ன வானத்துலேருந்து குதிச்சியா?" என்றேன். அதன்பின் மீனை மட்டும் தின்றான்.

ஜூலை 28, செவ்வாய்

மில் தெருவில் கடைசி வீட்டில் பெண் குழந்தை. சுலபமான பிரசவம்.

வழக்கம்போல வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து கட்டி, அதோடு என் பையிலுள்ள அவித்த துணியில் ஒரு வெள்ளைக் கிழிசலும் சேர்த்து முடிந்துவிட்டு வந்தேன். வேப்பிலை கண்டால் தீட்டு வீடு என்று வெளியாள் உள்ளே வரமாட்டான். வெள்ளைத் துணி கண்டால் மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். வேதக்காரி வேப்பிலை கட்டலாமா என்று மடத்துக் கன்னியாஸ்திரீ மாசேர் ஒருமுறை கேட்டார்கள். அழுக்குக் கையோடு பிள்ளையைத் தொட வருகிறவர்களை நிறுத்த இதைவிட நல்ல மருந்து உங்கள் அலமாரியில் இருந்தால் கொடுங்கள் மாசேர் என்றேன். கொடுக்கவில்லை.

ஜூலை 30, வியாழன்

வெடிச்சத்தம். பதினாலாம் தேதி மிச்சம் வைத்த வேட்டு என்று நினைத்தேன். இல்லை.

மில்லில் சுட்டிருக்கிறார்கள். எத்தனை பேர் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். மேற்கே புகை. தெருவில் கதவுகள் எல்லாம் சாத்திவிட்டன. ஜெயம் உள்ளே இருந்தாளா? நிறைமாதக்காரி ஓட முடியுமா? — யாரைக் கேட்பது?

ஜூலை 31, வெள்ளி

கார்பாலிக், கத்தரி, நூல், பஞ்சு, அவித்த துணி எல்லாம் பையில் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே கிளம்பினேன். தெருமுனையில் கட்டை போட்டு மறித்து இரண்டு சிப்பாய்கள். "எங்க போற?" "பிரசவம்." அந்த ஒரு சொல்லுக்கே கட்டையைத் தூக்கினான். நாலு மணிக்கு மேல் யாரும் உள்ளே போகவும் கூடாது, வெளியே வரவும் கூடாதாம்.

தெருவில் ஆண்பிள்ளை ஒருவனையும் காணோம். செத்தவன் போக, பிடிபட்டவன் போக, ஓடினவன் போக மீதி யார்? அரிகிருஷ்ணனை நேற்றே கையைக் கட்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஜெயம் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பிள்ளை உதைத்தது. தலை இன்னும் இறங்கவில்லை. பதினைந்து நாளாவது இருக்கிறது, ஆவணி பிறந்துதான் என்று சொன்னேன்.

குண்டுபட்டவன் எவனாவது ஒளிந்திருக்கிறானா என்று சிப்பாய்கள் வீடு வீடாய் நுழைந்துகொண்டிருந்தார்கள். தேடுகிற சாக்கில் வேறும் நடந்தது. வயசுப்பெண் ஒருத்தியின் முந்தானையைப் பிடித்து வாசலுக்கு இழுத்ததை என் கண்ணால் பார்த்தேன். பாடையில போறவனுங்க. என் தம்பியும் இந்த உடுப்புதான் போடுகிறான்.

கடைசி வீட்டின் முன்னால் வந்ததும் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். செவ்வாயன்று நான் கட்டிய வேப்பிலை. உள்ளே மூன்று நாள் பிள்ளை. ஒருவன் தலையைச் சொறிந்தான், ஒருவன் கூட வந்த வெள்ளைக்காரத் துரையிடம் என்னவோ சொன்னான். திரும்பிவிட்டார்கள்.

கன்னியம்மாள் என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் இழுத்துப்போனாள். விறகுக்குப் பின்னால் அவள் புருஷன் பலராமன். தொடையில் குண்டு. வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தான். "ரெண்டு வீடு தள்ளி வந்துட்டானுங்கம்மா" என்றாள். எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. கோயிலண்டை இருக்கும் வேப்பமரத்துக்கு ஓடினேன், இந்த முழங்காலோடு. கொத்து ஒடித்து, வெள்ளைத் துணி கிழித்து, நானே அவள் நிலையில் கட்டினேன். சிப்பாய் வந்து பார்த்தான். "இங்கயும் பிரசவமா?" "தெரியுதில்ல. தள்ளி நில்லு." தள்ளி நின்றான்.

பொய்தான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம். கிளம்பும்போது மீதித் துணியையும் கிழித்து, தனியாய்ப் பயந்து நின்ற பெண்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 1, சனி

எப்படி எழுதுவது?

தெருவில் இருபத்திரண்டு வீடு. இருபத்திரண்டு வாசலிலும் வேப்பிலை, வெள்ளைத் துணி. வேப்பமரம் மொட்டையாகிவிட்டது. ஒரு காக்கை உட்கார இடம் தேடி அதைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

பட்டப்பகல் பன்னிரண்டு மணி. இத்தனை வீட்டில் பிள்ளை பிறந்திருந்தால் தெரு எவ்வளவு சத்தமாய் இருக்கவேண்டும்? அழுகையே இல்லை. கடைசி வீட்டுக் குழந்தைகூட அந்நேரம் தூங்கிவிட்டது போலிருக்கிறது. பாதி திறந்த கதவுகளுக்குள் தூளி ஆடுவது மட்டும் தெரிந்தது. உத்திரத்தில் கயிறு உராய்கிற சத்தம், வீட்டுக்கு வீடு, ஒன்று நின்றால் அடுத்தது. பெண்கள் தூளியை ஆட்டியபடி என்னைப் பார்த்தார்கள்.  தெரு நடுவில் நடந்துபோனேன்.  இருபத்தைந்து வருஷமாய்ப் பிரசவம் பார்க்கிறேன், வெயிலில் எனக்குப் பயம் வந்தது இன்றைக்குத்தான்.

கன்னியம்மாள் வீட்டுத் தூளிக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மிக் குழவி. பழைய சேலையில் சுற்றி, தலைமாட்டில் துணியை மடித்து, முகம் மூடாமல் விட்டாற்போல வைத்திருந்தாள். "கனம் வேணும்ல. எட்டிப் பாத்தா தூளி தொங்கணும்" என்றாள். வெறுந்தூளி ஆட்டினால் பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஆகாது என்று இதே பெண்கள்தான் என் உயிரை எடுப்பார்கள். அதைச் சொன்னேன். "வெறுந்தூளி இல்லியே" என்றாள்.

பலராமன் காயத்தைக் கழுவும்போது அவனால் தாங்க முடியவில்லை. ஆண் முனகல் வாசலுக்குக் கேட்கும். சிப்பாய் வெளியேதான் நிற்கிறான். கன்னியம்மாள் தரையில் உட்கார்ந்தாள், சுவரில் காலை உதைத்துக்கொண்டாள், கத்த ஆரம்பித்தாள். "அம்மா, இடுப்பு ஒடியுதே, மருத்துவச்சியம்மா, எங்க போனீங்க." வலி எப்படி ஏறுமோ அப்படியே ஏறி, எங்கே அடங்குமோ அங்கே அடங்கி, மூச்சு வாங்கி, மறுபடி. அத்தனை வருஷம் விளக்குப் பிடித்தவள் இல்லையா, ஒன்று தப்பவில்லை. பக்கத்தில் இருந்த நானே காயத்தை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

எதிர்வீட்டில் ஜெயம் அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பக்கத்து வீடு. பிறகு அதற்கடுத்தது. தெருவே இடுப்புவலியில் கத்தியது. அப்புறம் எல்லாம் ஒரேயடியாய் நின்றது. தூளிக் கயிறு மட்டும்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

மாசேரிடம் கெஞ்சி இரண்டு மூட்டை பழைய துணி வாங்கிப்போனேன். கிணற்றுக்கு ஒருவேளைதான் விடுகிறார்கள். வீட்டுவிலக்கான பெண்களுக்கு மாற்றுத் துணி இல்லை, துவைக்கத் தண்ணீர் இல்லை. இரண்டு பேருக்குக் காய்ச்சல். சோறு கொடுக்க ஆள் வருகிறார்கள், இதை யார் யோசிக்கிறார்கள்? கட்டையண்டை நின்றவன் மூட்டையைப் பிரிக்கச் சொன்னான். பிரித்தேன். என்ன என்று கேட்டான். சொன்னேன். காது சிவந்து போய்விட்டது அவனுக்கு.

சாயங்காலம் சூசைநாதன் வந்தான். உட்காரவில்லை.

"அக்கா, ஒரே தெருல ஒரே நாள்ல இருவத்திரண்டு புள்ளையா?"

"பயத்துல வலி வந்துடும். நீங்க சுட்ட சூட்டுக்கு."

"துரைக்குச் சந்தேகம் வந்துடுச்சு. புள்ள பொறந்தா மெரி ஆபீசுல வந்து எழுதணும், மருத்துவச்சி கையெழுத்துப் போடணும், நீதான் போடணும். இருவத்திரண்டு பொய்க் கையெழுத்துப் போட்டன்னா உன்னை உள்ள வெச்சிடுவானுங்க. நாளையிலேருந்து அந்தக் கட்டையண்ட எனக்குத்தான் வேலை. பாத்து நடந்துக்க."

"நீ பாத்து நடந்துக்கோ" என்றேன். காபி வேண்டாம் என்று போய்விட்டான்.

ஆகஸ்ட் 5, புதன்

குண்டு நேற்று வெளியே வந்தது. பலராமன் பிழைத்துக்கொள்வான்.

கன்னியம்மாளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சிப்பாய் யாரும் இல்லாத நேரத்திலும் தூளியை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். நான் பேச வாயெடுத்தால் உதட்டில் விரல் வைக்கிறாள். "இப்பதான் கண்ண மூடுச்சு." விளையாடுகிறாள் என்று நினைத்து முறைத்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் ரவிக்கையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. வேர்வை. வேர்வைதான், ஆடி வெயில். அல்லது நான் காயம் கழுவிய தண்ணீர்.

ஜெயம் பரவாயில்லை. வீக்கம் குறையவில்லை, முகமும் கொஞ்சம் ஊதியிருக்கிறது. உப்பைக் குறை என்றேன். "உப்பு எங்க இருக்குது கொறைக்க?" என்றாள். தெருவிலேயே சத்தமாய்க் கத்துகிறவள் இவள்தான். "நெஜமா வரும்போதும் இதே மாதிரி கத்து, எங்க இருந்தாலும் எனக்குக் கேக்கும்" என்று கேலி செய்தேன். சிரித்தாள்.

ஆகஸ்ட் 6, வியாழன்

கடைசி வீட்டுத் தாய்க்கு நேற்றிலிருந்து காய்ச்சல். அங்கேயே நேரமாகிவிட்டது. மணி மூன்றரைக்கு மேல். கட்டையை மூடிவிட்டால் வெளியே வர முடியாது, நகரத்தில் இன்னொருத்தி வலியெடுத்துக் காத்திருக்கிறாள். ஓட்டமும் நடையுமாய் வந்தேன்.

சிப்பாய்கள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அப்போதுதான் போயிருந்தார்கள். பெண்கள் அடங்கிவிட்டார்கள். ஜெயம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் நிறுத்தவில்லை. "மருத்துவச்சியம்மா, மருத்துவச்சியம்மா" என்று அதே பாட்டு. வெளியிலிருந்தே, "போதும்டி, அவனுங்க போயாச்சு, தொண்டையக் கெடுத்துக்காத" என்று சொல்லிவிட்டு நடந்தேன். சொன்னதும் சத்தம் நின்றுவிட்டது. குறும்புக்காரி. இவளை எங்காவது நாடகத்தில் சேர்த்துவிடலாம்.

நகரத்துப் பிரசவம் எட்டு மணிக்கு முடிந்தது. ஆண். ஏழு ராத்தல் இருக்கும்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ஜெயம் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 8, சனி

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

நடிப்பு இல்லை அது. வலி. மத்தியானத்திலிருந்தே வலி. பதினைந்து நாள் இருக்கிறது என்று நான் சொன்னதை நம்பி, வாயுவாய் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டிருக்கிறாள். தாங்க முடியாமல் போனபோது கத்தினாள். என்னைக் கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள், நான் வாசலில் நின்று கேட்டேன். கேட்டுட்டுப் போனேன். கதவத் தள்ளக்கூட இல்ல. ஒரு கை. ஒரு கை வெச்சுத் தள்ளியிருந்தா தொறந்திருக்கும், தாழ்ப்பாள்கூடப் போடல அவ.

எப்படித் தெரியாமப் போச்சு எனக்கு? கன்னியம்மாளுக்குத் தெரிந்ததே. பெற்றே அறியாதவள் அவள். "மொதல்ல நானும் சும்மான்னுதான்மா நெனச்சேன். நீங்க போனப்புறம் சத்தமே வரல. அப்பதான் எனக்குத் திக்குன்னுது" என்றாள். நிஜ வலியில் கடைசியில் சத்தம் வராது. இது எனக்குத் தெரியாதா.

உள்ளே போயிருக்கிறாள். ஜெயம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்தாளாம். ஏன்டி என்று கேட்டதற்கு, "அம்மா சத்தம் போடாதன்னாங்க. இதோ உள்ள வருவாங்க" என்றாளாம்.

இதோ உள்ள வருவாங்க.

கன்னியம்மாள் அவளைத் தனியே விட்டுவிட்டு முனைக்கு ஓடியிருக்கிறாள். நாலு மணி தாண்டி ஐந்து நிமிஷம். "பிரசவம், மருத்துவச்சியம்மாவக் கூப்பிடணும், இப்பதான் இந்தப் பக்கமாப் போனாங்க" என்று காலில் விழுந்திருக்கிறாள். சிப்பாய்கள் சிரித்தார்களாம். "இன்னும் எத்தன புள்ளடி பெப்பீங்க இந்தத் தெருல?" என்றானாம் ஒருவன். என் தம்பி சிரிக்கவில்லை. அவன் கட்டையைத் தூக்கவும் இல்லை. வீட்டுக்குப் போ என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

அவள் திரும்பிவந்து தானே பிள்ளையை எடுத்திருக்கிறாள். வெந்நீர் வைத்து, பிளேடைக் காய்ச்சி, நூலை அவித்து, கொடியை இரண்டு இடத்தில் கட்டி நடுவில் அறுத்து. போய்ப் பார்த்தேன், என் கட்டு போலவே இருந்தது. பெண் குழந்தை. அழுதிருக்கிறது. ஜெயம் அதைப் பார்த்தாளாம், கையில் வாங்கினாளாம். அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. வயிற்றில் எங்கே கை வைத்து அழுத்தவேண்டும் என்பது ஒன்றுதான் கன்னியம்மாளுக்குத் தெரியாது. விளக்குப் பிடிக்கிறவளுக்கு அது தெரியாது. நான் எப்போதும் சேலைக்கு அடியில் கைவிட்டுச் செய்துவிடுவேன்.

இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

தெருவில் இருபத்திரண்டு வேப்பிலை. நான் கொடுத்த துணி.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பையில் பால்மாவும், அதில் நனைத்துச் சப்பக் கொடுக்கத் துணித்திரியும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். தாயில்லாத பிள்ளை மூன்று நாளில் வாடிவிடும், எனக்குத் தெரியும்.

தூளியில் குழவி இல்லை. பிள்ளை இருந்தது. அதே சேலையில், அதே மடிப்பில், முகம் மூடாமல். இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்தது என்பதுபோல் இருந்தது. கன்னியம்மாள் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பால் குடுக்கணும், எடு" என்றேன். "குடிச்சிட்டுதான் தூங்குது" என்றாள். யாருடைய பால் என்று கேட்டேன். ரவிக்கையை விலக்கிக் காட்டினாள்.

வெகு நாள் ஏங்கின பெண்ணுக்கு, பிள்ளை பெறாமலே, இப்படியும் நடக்கும் என்று படிக்கும்போது மாசேர் சொல்லியிருக்கிறார்கள். நான் பார்த்ததில்லை. ஒன்றாம் தேதியிலிருந்தே சுரக்கிறதாம். அப்போது ஜெயம் உயிரோடு இருந்தாள். நன்றாகக் கத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பால் யாருக்கென்று அன்றைக்கே வந்தது?

கேட்கவில்லை. பால்மாவைக் கொண்டுபோன பையோடு திரும்பினேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்

மெரிக்குப் போனேன். குமாஸ்தா புது நோட்டைத் தயாராய்த் திறந்து வைத்திருந்தான். கடைசி வீட்டுப் பிள்ளையை முன்பே எழுதியாயிற்று. இன்னும் ஒரு பிறப்பு எழுதச் சொன்னேன். "ஒண்ணுதானா? இருவத்திரண்டுன்னு சொன்னாங்களே மதாம்" என்றான். மற்றவர்களுக்கு வலி வந்து நின்றுவிட்டது என்றேன். என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தான்.

பிறகு சாவு நோட்டையும் எடுக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 12, புதன்

சூசைநாதன் வந்தான். வாசலில் நின்றான்.

"நெஜம்னு எனக்குத் தெரியாதுக்கா. துரை பக்கத்துலயே நின்னாரு. உன்னக் கூப்பிட ஆள் விட்டா, நீ வந்து மாட்டிக்குவன்னு நெனச்சேன். உனக்காகத்தான் பண்ணேன்."

என்னால் அவனைத் திட்ட முடியவில்லை. அவன் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான். இரண்டு பேருமே பொய் என்று நினைத்தோம். அந்தப் பொய்யை அவனுக்கும் எனக்கும் கற்றுக்கொடுத்தவள் நான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.  கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 15, சனி

மாதா திருநாள். கட்டையை எடுத்துவிட்டார்கள். தேடல் முடிந்தது. தெருப் பெண்கள் வேப்பிலையை அவிழ்த்துக் கிணற்றடியில் குவித்திருந்தார்கள். காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. "உங்களாலதான்மா எங்க பொண்ணுங்க மானம் பொழைச்சுது" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அது உண்மை. பலராமன் உயிரும் உண்மை. இரண்டையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்தக் கதவு எனக்குக் கனக்கிறது.

ஜெயம் வீட்டு வாசலில் மட்டும் அவிழ்க்க யாரும் இல்லை. நான் அவிழ்த்தேன். என் முடிச்சு இல்லை. அவளே கட்டியது.

சாயங்காலம் பாவசங்கீர்த்தனம். எல்லாவற்றையும் சொன்னேன். 

அக்டோபர் 3, சனி

வேறு தெரு. வேப்பிலை பார்த்து நின்றேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். என்னைக் கூப்பிட்ட வீடே இல்லை அது. திட்டினார்கள். திட்டட்டும்.

1937 ஏப்ரல் 18, ஞாயிறு

புதுச் சட்டம் வந்திருக்கிறது. மில்லில் வேலை நேரம் குறைகிறது. பிள்ளை பெறும் பெண்களுக்கு லீவாம். சூசைநாதன்தான் வந்து சொன்னான். இந்த முறை சிரிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு மீன் குழம்பு போட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

மத்தியானம் மில் தெருவுக்குப் போனேன். கன்னியம்மாளிடம் சட்டத்தைச் சொல்ல வேண்டும் என்று ஒரு சாக்கு. அரிகிருஷ்ணன் புரட்டாசியிலேயே விடுதலையாகி வந்துவிட்டான், அங்கேதான் சாப்பிடுகிறான். பலராமன் நொண்டி நொண்டித் தறிக்குப் போகிறான். பிள்ளைக்கு எட்டு மாதம். தவழ்ந்து வந்து என் பையைப் பிடித்து இழுத்தது. பேர் ஜெயம், பெற்றவள் பேரேதான். நல்ல குரல். கத்தினால் தெருமுனை வரை கேட்கும்.

வாசலில் அம்மி இருக்கிறது, மேலே குழவி இல்லை. "அரைக்கிறதுக்கு என்ன பண்ற?" என்றேன். "எதிர்வீட்டுல அரைச்சுக்கறேன்." எதிர்வீடு ஜெயம் வீடு.

உள்ளே உத்திரத்தில் இரண்டு தூளி. ஒன்றில் பிள்ளையின் துணி கிடந்தது. இன்னொன்று கனமாய்த் தொங்கியது, செத்துப்போன ஜெயத்தின் பச்சைச் சேலை. கன்னியம்மாள் பேசிக்கொண்டே, பார்க்காமலே, அதைக் கையால் ஒரு தள்ளு தள்ளினாள்.

"அது யாருக்குடி?"

"அவளுக்குத்தாம்மா. கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. ஆட்டினா நிறுத்திடறா."

வெறுந்தூளி ஆட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளியே வெயில். தெருவில் ஒரு சத்தம் இல்லை. காது கொடுத்துக் கேட்டேன்.

கன்னியம்மாள் பிள்ளைக்குச் சோறு எடுக்க அடுப்பண்டை போனாள். தூளி மெல்ல மெல்ல நின்றது. நான் எழுந்துபோய் ஆட்டினேன். "வந்துட்டேன்டி" என்றேன்.